சொந்த மெட்டுக்குப் பிறர் செவி: தானாக இசை கற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்களே அமைத்த ஒரு மெட்டை முதன்முதலாக வீட்டாரிடமோ கூட்டுக்காரரிடமோ பாடிக் காட்டினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை "நல்லா இருக்கு மக்களே" என்பதுதான். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் கீபோர்டின் முன் உட்காரும்போது, எந்த ஸ்வரத்தை மாற்றுவது, எந்த வரியைச் சுருக்குவது என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இருப்பதில்லை. குருவிடம் அமர்ந்து கற்பவருக்குப் பிழை நிகழ்ந்த நொடியிலேயே திருத்தம் வந்துவிடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மெட்டமைப்போர் பலர் அப்படிக் குருவிடம் கற்றவர்கள் அல்லர். தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகியவர்கள், கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், கல்லூரிக்குப் போகும் பேருந்தில் கைபேசியிலேயே ட்ராக் அடுக்கிக் கற்றுக்கொண்டவர்கள். அந்தத் திருத்தத்தை இவர்கள் எங்கே, எப்படித் தேடிக்கொள்வது என்பதை என் சொந்த அனுபவத்தில் கண்டவரை இங்கே எழுதுகிறேன். கேட்பவரிடம் பாட்டைப் பற்றித் தீர்ப்புக் கேட்காமல், அவர் காதில் என்ன விழுந்தது, அவர் தொண்டையில் என்ன தங்கியது என்று கேட்டு அறிவதே இதற்கு நான் கண்ட வழி.

முதற்படி: கேட்கக் கொடுக்கும் வடிவம்

மெட்டைப் பற்றிக் கருத்து வேண்டுமென்றால், மெட்டை மட்டும் கொடுங்கள். ஒரு குரல், அடியில் சுருதி அல்லது எளிய கார்டுகள், தேவையானால் மெலிதாக ஒரு தாளம், இவ்வளவு போதும். டிரம்ஸ், வயலின் அடுக்கு, எதிரொலி எல்லாம் சேர்த்துக் கொடுத்தால், கேட்பவர் ஒலியின் பளபளப்பைப் பற்றிப் பேசுவார். மெட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வாத்தியக்கோர்ப்பைப் பற்றிய கருத்து, மெட்டு உறுதியான பிறகு தனியாகக் கேட்க வேண்டியது. ஒரு நேரத்தில் ஒரே பாடலைத்தான் கொடுக்க வேண்டும். மூன்று பாடல்களைச் சேர்த்து அனுப்பினால், "ரெண்டாவது கொள்ளாம்" என்ற ஒப்பீடுதான் திரும்பி வரும்.

பதிவுக்குக் கைபேசியே போதுமானது. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். வெறும் சுவர்கள் கொண்ட கூடத்தைவிட, மெத்தையும் துணி அடுக்கிய அலமாரியும் உள்ள படுக்கையறையில் எதிரொலி குறைவாக இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஆனி, ஆடிச் சாரலில் ஓட்டுக்கூரையின் கீழ் பதிவு செய்பவர்கள், மழை ஓயும் அரைமணி நேரத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இரைச்சலோடு கூடிய பதிவில் குரலின் நுண்மை தெரியாது. கேட்பவர் அதைச் சொல்ல நாணி, வழக்கமான பாராட்டோடு நிறுத்திக்கொள்வார்.

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. வரும். அதையே 320 கே.பி.பி.எஸ். எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு 2.4 எம்.பி. அளவில் அடங்கும், கருத்துக் கேட்பதற்கு அது தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல்பதிவாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். குரல்பதிவு பேச்சுக்காகச் சுருக்கப்படுவது, அதில் இசை மெலிந்துவிடும். கோப்பின் பெயரில் தேதியும் எத்தனையாவது வடிவம் என்பதும் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து, யார் எந்த வடிவத்தைக் கேட்டுச் சொன்னார் என்று தேடும்போது இதன் அருமை தெரியும்.

அனுப்புவதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. நாம் கேட்டு வளர்ந்த ஏதோ ஒரு பாட்டே நம்மை அறியாமல் நம் மெட்டாக வெளிவந்திருக்கக் கூடும். கூகுள் செயலியில் முனகிக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் வசதி 2020ஆம் ஆண்டு வந்தது. பல்லவியை அதில் முனகிப் பாருங்கள். ஆனால் பழைய நாடகப் பாட்டும், ஞாயிறு ஆராதனையில் மட்டும் ஒலிக்கும் கீர்த்தனையும், கொடையில் மட்டும் கேட்கும் மெட்டும் அதற்கு அகப்படுவது அரிது. ஆகவே அறுபது வயது கடந்த இரண்டு பேரிடமாவது பாடிக் காட்டி, "இதைக் கேட்டால் வேறு எந்தப் பாட்டு நினைவுக்கு வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரே ராகத்தில் அமைந்த இரண்டு பாடல்கள் சற்று ஒத்திருப்பது குற்றமல்ல. மோகனத்தில் இருப்பது ஐந்தே ஸ்வரங்கள். அவற்றுக்குள் எல்லாரும் நடந்தாக வேண்டும். பல்லவியின் முதல் அடியில் ஸ்வர வரிசை, நீட்டும் இடம், தாளத்தில் எடுக்கும் இடம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கைவிட வேண்டும்.

இரண்டாம் படி: யாருடைய செவி

ஒருவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாடுகிறவர் ஒருவர், சொல்லறிந்தவர் ஒருவர், இசை பயிலாமல் வெறுமனே கேட்டு மகிழ்பவர் ஒருவர் என மூன்று செவிகள் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் நண்பர் இருந்தால் நல்லது. ஆனால் அவருக்குரிய கட்டம் கடைசியில் வருவது.

இவர்களில் பலரும் மறந்துவிடுபவர் சொல்லறிந்தவர். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். மெட்டின் வசதிக்காகக் குறிலை இழுத்தால் மலை மாலையாகிவிடும், கலை காலையாகிவிடும். நான் முதன்முதலில் எழுதி மெட்டமைத்த வழிபாட்டுப் பாடலில் "வரம்" என்ற சொல் வரும்; அதன் முதல் எழுத்தை மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ) வைத்து நான்கு எண்ணிக்கை நீட்டியிருந்தேன். பாடகர் குழுவில் எல்லாரும் அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார்கள். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மக்களே, நீ எந்த வாரத்தக் கேக்குத?" என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதில் வரம் இல்லை, வாரம்தான் இருந்தது. இசை தெரிந்த பத்துப் பேர் கேட்டும் பிடிபடாத பிழை அது, ஏனென்றால் அவர்கள் கையில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. கண் படித்ததையே காதும் கேட்டுவிட்டது. அன்று முதல், பாடல் வரிகளை எழுத்தில் காட்டாமல் ஒருவரையாவது கேட்கச் செய்து, அவர் காதில் விழுந்த வரிகளை அவரையே எழுதித் தரச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அவர் எழுதியது உங்கள் தாளோடு எங்கெங்கே மாறுபடுகிறதோ, அங்கெல்லாம் நீட்டலையோ பதம் பிரித்த இடத்தையோ பார்த்தாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. விளவங்கோடு வட்டாரத்தில் மலையாளம் பேசும் உறவினரோ நண்பரோ இல்லாத வீடு குறைவு. அவர்களில் தமிழ்ச் சொற்கள் சரிவரப் பிடிபடாத ஒருவரிடம் பாட்டைக் கொடுத்து, இது மகிழ்ச்சியா, ஏக்கமா, வேண்டுதலா என்று கேளுங்கள். சொல்லின் துணையின்றி மெட்டு மட்டும் எந்த உணர்வைக் கொண்டுசேர்க்கிறது என்பதை அவர் செவி காட்டிவிடும்.

மூன்றாம் படி: என்ன கேட்பது

"எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அது கேட்பவரை நடுவராக்கிவிடுகிறது. நடுவராக இருக்க விரும்பாதவர் புகழ்ந்து ஒதுங்குவார், விரும்புகிறவர் தன் ரசனையைச் சொல்லத் தொடங்குவார். அதற்கு மாறாக, பாட்டு ஓடும்போது கவனம் வேறெங்கோ போன இடம் எது, எந்த இடத்தில் கொஞ்சம் சலித்தது, எந்த வரி மீண்டும் வராதா என்று தோன்றியது, எந்தச் சொல் புரியவில்லை என்று கேட்டு, விடையை நிமிடமும் நொடியுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "1 நிமிடம் 10 நொடியில் கைபேசியைப் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், அது பத்துப் பாராட்டுக்குச் சமமான உதவி. கொடை இரவுகளில் தேர்ந்த வில்லுப்பாட்டுப் புலவர்கள் இதை யாரிடமும் கேட்காமலே அறிந்துகொள்வதைக் கவனித்திருக்கிறேன். முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் அந்த இடத்தை வளர்ப்பார்கள். ஆட்கள் தேநீர்க் கடைப் பக்கம் எழுந்தால் கதையை முடுக்கிவிடுவார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. பாட்டை இரண்டு முறை கேட்கச் செய்துவிட்டு, அன்று எதுவும் கேட்காதீர்கள். மறுநாள் அவரைச் சந்தித்து, நினைவில் இருக்கும் அளவுக்கு முனகிக் காட்டச் சொல்லுங்கள். சொற்கள் வேண்டாம், "தத்தா தன" என்று இசைக்கும் தத்தகாரம் போதும். எந்தப் பகுதியும் நினைவில் இல்லையென்றால், பல்லவி இன்னும் உருப்பெறவில்லை என்று பொருள். முனகினால், உன்னிப்பாகக் கேளுங்கள்: அவர் எங்கே உங்கள் மெட்டிலிருந்து விலகுகிறார்?

ஒரு கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சிக்காக நான் அமைத்த மெட்டில், சரணத்தின் நடுவே மத்திமத்திலிருந்து (ம) மேல் ஷட்ஜத்துக்கு நேரே தாவும் ஒரு இடம் இருந்தது. எனக்கு அந்தத் தாவல் மிகவும் பிடித்தமானது. மூன்றாம் வாரப் பயிற்சியில், பெண்கள் பகுதி அந்த இடத்தில் இடையிலுள்ள பஞ்சமத்தையும் (ப) நிஷாதத்தையும் (நி) தொட்டு ஏறுவதைக் கண்டு நிறுத்தித் திருத்தினேன். அடுத்த வாரமும் அப்படியே பாடினார்கள், நானும் அப்படியே திருத்தினேன். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, அவர்கள் பாடியதில் அந்த அடியின் சொற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவதையும், என்னுடையதில் தாவலுக்கு முன் ஒரு சொல் அந்தரத்தில் நிற்பதையும் கேட்டேன். பதினைந்து பேர் கூடிப் பேசி மாற்றிய மாற்றம் அல்ல அது. அவர்கள் தொண்டை தானாகக் கண்டுகொண்ட வழி. பாட்டை அவர்கள் பாடியபடியே மாற்றி எழுதினேன்.

நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) பாடல்கள் பஜனைகளில் பலர் வாயில் புழங்கியவை. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்த பாபநாசம் சிவன் அந்தப் பஜனைகளில் ஊறி வளர்ந்தவர். பலர் கூடிப் பாடும் இடம் ஒரு மெட்டுக்கு எவ்வளவு நல்ல உலைக்களம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நீலகண்ட சிவன் பிறந்த ஊர் நினைவுக்கு வரும். உங்களுக்கு அருகில் அப்படி ஒரு கூட்டம், பஜனைக் குழுவோ பாடகர் குழுவோ பள்ளிப் பிள்ளைகளோ, இருந்தால் அதைவிடப் பெரிய ஆசான் கிடைப்பது கடினம். ஆனால் எல்லாத் திரிபையும் ஏற்க வேண்டியதில்லை. பாடுபவர் மூச்சுக்காக விட்டுவிடும் ஸ்வரத்துக்கும், மெட்டின் ஓட்டம் தானே இழுத்துச் செல்லும் ஸ்வரத்துக்கும் வேறுபாடு உண்டு. வெவ்வேறு நாளில், ஒருவரை ஒருவர் கேட்காத இரண்டு பேர், ஒரே இடத்தில் ஒரே மாதிரி விலகினால் மட்டும் அதை மெட்டின் குரலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே சோதனையில் சுருதிச் சிக்கலும் வெளிப்படும். கட்டை என்பது பாடும் சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு; ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையிலும் பாடுவார்கள். தனிப்பாடகருக்கு ஒன்றரை ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி) வரை மெட்டு விரியலாம். சபையோ கூட்டமோ சேர்ந்து பாட வேண்டிய பாட்டு ஒரு ஸ்தாயிக்கு மேல் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் நின்றால்தான் எல்லாரும் வாய் திறப்பார்கள்.

நான்காம் படி: கேட்கும்போது நடந்துகொள்ளும் முறை

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவது நம் பழக்கம் அன்று. இளையவர் மனம் நோகப் பேசக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். இந்த இரண்டு நல்ல பழக்கங்களுக்கும் நடுவில் உண்மையான கருத்து பல நேரம் சிக்கிக்கொள்கிறது. அதை அவிழ்க்க எளிய வழி, பாட்டை அமைத்தவர் யார் என்று சொல்லாமல் வேறொருவர் வழியாகக் கேட்கச் செய்வது. நீங்கள் அந்த இடத்தில் இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. உங்கள் குரல் தெரிந்தவராக இருந்தால், வேறொருவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

நேரில் கேட்க நேர்ந்தால், பாட்டுக்கு முன் எந்த விளக்கமும் கொடுக்காதீர்கள். "இன்னும் முடியல்ல, தொண்டை வேற சரியில்ல" என்று தொடங்கினால், கேட்பவர் உங்களைத் தேற்றும் வேலையை மேற்கொண்டுவிடுவார். அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கேட்டுவிட்டுப் பதிவும் செய்யலாம். அன்றே பதில் சொல்லவும் வேண்டாம், அன்றே மெட்டை மாற்றவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: கருத்துகளைப் பிரித்தறிதல்

இந்தக் கட்டத்தில்தான் தானாகக் கற்றவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். கேட்பவர் நோவைச் சரியாகச் சுட்டுவார். அவர் சொல்லும் மருந்து பொருந்த வேண்டும் என்பதில்லை. "பல்லவி ரொம்ப நீளம்" என்று ஒருவர் சொன்னால், நீளம் பல்லவியில் இல்லாமல், அதற்கு முன்னால் நீங்கள் வைத்த 40 நொடி முன்னிசையில் இருக்கலாம்; அல்லது நடை சற்று மந்தமாக இருக்கலாம். முதலில் நடையை மட்டும் கொஞ்சம் முடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வரியை வெட்டலாமா என்று யோசியுங்கள். ஒரு நோட்டில் நொடி, சொன்னவர், அவர் சொன்ன சொல், காரணம் என்று நீங்கள் எண்ணுவது ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் காரணங்கள் முற்றிலும் வேறாக இருந்தாலும், அந்த இடத்தைத் தொட்டே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னதை நோட்டில் வைத்துக் காத்திருங்கள்.

கருத்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. மோகனத்தில் ஒரு மெட்டு அமைத்து, கீபோர்டின் ஸி-யில் ஷட்ஜம் வைத்து, நடுவே எஃப் மேஜர் கார்டு போட்டிருக்கிறீர்கள் என்று கொள்வோம். கர்நாடக இசை பயின்றவர், மோகனத்தில் மத்திமம் எங்கிருந்து வந்தது என்பார், ஏனென்றால் அந்தக் கார்டின் அடிஸ்வரமே மத்திமம். பாடகர் குழுவில் நான்கு குரல் பகுதிகளோடு பாடிப் பழகியவரோ, அந்த இடத்தில் அந்தக் கார்டு வராவிட்டால்தான் குறை என்பார். இருவரும் தத்தம் மரபில் சரியாகவே சொல்கிறார்கள். நீங்கள் தெரிந்தே அந்த மத்திமத்தை வைத்தீர்களா, கை போன போக்கில் விழுந்ததா என்பதை மட்டும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்து வைத்ததென்றால் காத்து நில்லுங்கள், விழுந்ததென்றால் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். இப்படிப்பட்டவர்கள் சொல்வது விளங்குவதற்காகவேனும் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), சமம் (தாளத்தின் முதல் அடி), அந்நிய ஸ்வரம் (ராகத்துக்கு வெளியிலுள்ள ஸ்வரம்), கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) போன்ற சொற்களின் பொருளைக் கற்றுவைத்துக்கொள்ள வேண்டும். "எடுப்பு அரை இடத்துல இருக்கு, நீ சமத்துல எடுக்க" என்று ஒருவர் ஒரே வரியில் சொல்வது விளங்காமல் ஒரு மாதத்தை வீணாக்கியவர்களை அறிவேன்.

பழைய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் ஒப்பிடக் கொடுக்கும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கட்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது சொல்லிவிடும். மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது) பற்றிக் கருத்துக் கேட்கும் கட்டத்தில், கேட்டவர் எதில் கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் பெரும்பாலும் கேட்பதில்லை, ஆகவே "பாஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை" என்ற குறை உங்கள் பாட்டின் குறையாக இல்லாமலிருக்கலாம்.

ஆறாம் படி: ஊரைத் தாண்டிப் போகும்போது

ஊர்ச் செவிகளில் இரண்டு சுற்று முடிந்த பிறகு, தேர்ந்தவர்களிடம் போகலாம். ஆகாசவாணியின் நாகர்கோவில் நிலையம் 1984ஆம் ஆண்டு தொடங்கியது. குரல் தேர்வு வைத்துக் கலைஞர்களை பி, பி ஹை, ஏ, டாப் எனத் தரம் பிரிப்பது ஆகாசவாணியின் முறை. தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிப்பது நல்ல பயிற்சி, ஆனால் அங்கே கிடைப்பது தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற முடிவே தவிர, வரிவரியான திருத்தம் அல்ல. விரிவான திருத்தத்துக்கு இசை ஆசிரியர் ஒருவரிடம் ஒரு மணி நேர வகுப்புக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்து, ஒரே பாடலை எடுத்து அலசச் சொல்லுங்கள். 1939 முதல் இயங்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி திருவனந்தபுரத்தில் இருப்பதால், அங்கே பயின்று வந்து நம் பகுதியில் வகுப்பு எடுப்போரை விசாரித்துப் பார்க்கலாம். பாட்டைக் கேட்கும் முன்பே வெளியீடு, விளம்பரம் என்று பெருந்தொகை பேசுகிறவர்களிடம் மட்டும் விலகியிருங்கள். அவர்களுக்கு உங்கள் மெட்டைக் கேட்கும் நோக்கம் இல்லை.

மெட்டைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தால் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்போர் பலர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்த அப்பொழுதே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமல்ல. விரும்பினால் இசைப்படைப்பாகப் பதிவு செய்யலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய். மெட்டுக்கும் பாடல் வரிக்கும் உரிமை தனித்தனி என்பதால், வரிகளை எழுதியவர் வேறொருவர் என்றால் தொடக்கத்திலேயே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்வது நட்புக்கும் நல்லது. தேதியிட்ட பதிவுகளை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொண்டால், எப்போது உருவானது என்று காட்டப் பயன்படும்.

திருத்தி முடித்ததும், கருத்துச் சொன்ன ஒவ்வொருவரிடமும் புதிய வடிவத்தோடு திரும்பிச் செல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அதனால்தான் அடுத்த முறை அவர்கள் காது கொடுப்பதும் குறைந்துவிடுகிறது. முழுப் பாட்டையும் போடாமல், அவர் சுட்டிய இடத்துக்கு ஓரடி முன்னிருந்து தொடங்குங்கள். அந்தத் தமிழாசிரியரிடம் நான் திரும்பிப் போனபோது, "வ"வை ஒரே எண்ணிக்கையில் விட்டு, நீட்டலை "தருவாய்" என்ற அடுத்த சொல்லின் நெடிலுக்கு மாற்றியிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "இன்னொருக்க போடு மக்களே" என்றார். இரண்டாம் முறை பாட்டு ஓடும்போது, திண்ணைத் தூணில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே அந்த வரியைக் கூடவே முனகினார். அதில் வரம் வரமாகவே இருந்தது.